புதுச் சட்டையைப் பழசாக்கிய பெண்கள் பெட்டி

அன்புள்ள அக்கா,

இன்று காலை டீக்கு வைத்த வெந்நீரில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் ஊற்றி, புதிதாக வாங்கிய வட்ட ஊசியை அதற்குள் போட்டு வைத்தேன். இரண்டு குட்டை ஊசிகளை இணைக்கும் அந்த பிளாஸ்டிக் வயர் பாக்கெட்டுக்குள் சுருண்டு கிடந்தே வரும். வெந்நீரில் ஊறினால்தான் பிடிவாதத்தை விட்டு நேராகும். ஆவியோடு லேசான பிளாஸ்டிக் வாடை எழுந்தது. உடனே செம்பூரில் உங்கள் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஒருமுறை நான் இதேபோல் ஊறவைத்திருந்ததை நீங்கள் முள்கரண்டியால் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, நூடுல்ஸ் இன்னும் வேகலியே" என்றீர்கள்.

அடுப்புக்கு முன்னால் தனியாக நின்று சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "காலங்காத்தால என்னட்டி சிரிப்பு?" என்றாள். உங்களைச் சொன்னேன். "அவளா!" என்று அம்மாவும் சிரித்துவிட்டுப் போனாள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் முதலில் வருவது இன்னும் சிரிப்புதான். மற்றது அப்புறம் வருகிறது.

நாம் சந்தித்ததே ஒரு குத்தில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான், முதலில் ரயில் பாஸ் வாங்கியவளும் நான்தான். அப்பாவும் அண்ணனும் வேலை பார்க்கிற தோல் பட்டறை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தாராவியிலிருந்து சயான் வரை நடந்து, குர்லாவில் வண்டி மாறி, பேலாப்பூர் வரை ஆபீஸ் போகிற ஆள் எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் இல்லை. பெட்டியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஸ்டேஷன் எது என்று கேட்கக் கூச்சப்பட்டு, பேலாப்பூருக்கு முன்னாலேயே ஜூயிநகரில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று அடுத்த வண்டியைப் பிடித்தவள் நான். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட உல்லன் பின்னலைப் பையில் எடுத்துப் போக ஆரம்பித்தேன். கண்ணும் கையும் வேலையாக இருப்பவளிடம் யார் வந்து பேசப்போகிறார்கள்?

நீங்கள் பேசினீர்கள். செம்பூரில் ஏறி, மூன்று பேர் உட்கார்ந்திருந்த சீட்டில் நாலாவது ஆளாக ஒண்டிக்கொண்டீர்கள். அப்போது என் கையில் இருந்தவை நீள ஊசிகள். கோவண்டி தாண்டி வண்டி ஒரு உலுக்கு உலுக்கியதும் அதில் ஒன்று உங்கள் விலாவில் இறங்கியது. நீங்கள் போட்ட கூச்சலில் பெட்டி முழுக்கத் திரும்பியது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஐயோ" மட்டும் வந்தது.

"ஐயோங்குதா! தமிழ்ப் பிள்ளையா நீ?" என்று முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தீர்கள். "ஏட்டி, நீ ஸ்வெட்டரப் பின்னுதியா, என்னியப் பின்னுதியா?"

மறுவாரமே வட்ட ஊசி வாங்கிவிட்டேன். அதில் ஊசி உள்ளங்கை அளவுதான். பக்கத்தில் இருப்பவர் விலாவுக்கு ஆபத்தில்லை. பின்னியது அத்தனையும் வயரில் தொங்கி மடியில் படுத்துக்கொள்ளும். வண்டி உலுக்கினாலும் கண்ணிகள் வயருக்குள் சறுக்குமே தவிர, கழன்று விழாது. ஹார்பர் லைனில் போகிறவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்ததுபோல் இருந்தது. நீங்கள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஊசிக்கு வால் மொளச்சிருக்கே" என்றீர்கள். குழந்தைச் சட்டையின் கை மாதிரிச் சின்ன வட்டம் பின்னும்போது, மிச்ச வயரை இரண்டு பக்கமும் வளையமாக இழுத்து வெளியே விட வேண்டும். அன்றைக்கெல்லாம் "முயலு காதோட வந்திருக்கு, எல்லாரும் தள்ளி உக்காருங்க" என்று அறிவிப்பீர்கள்.

உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருமுறை முயன்றேன். மான்குர்டில் தொடங்கி வாஷி வருவதற்குள் ஊசி அசையாத அளவுக்கு இறுக்கி வைத்துவிட்டீர்கள். "இது பின்னல் இல்லட்டி, கைவிலங்கு. நீ பின்னு. நான் மேனேஜர்" என்றீர்கள்.

அன்றிலிருந்து மேனேஜர்தான். பம்பாயில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள் என்று என்னைக் கேலி செய்ததும் நீங்கள்தான். ஏசி ரூமில் பிறக்கிற பிள்ளைகளுக்குக் குளிராதா என்று பெட்டியில் என் சார்பாக வாதாடியதும் நீங்கள்தான். என்னைக் கேட்காமலே ஒருத்திக்கு மஞ்சள் தொப்பி, இன்னொருத்திக்கு நீலக் காலுறை என்று ஒத்துக்கொள்வீர்கள். எதிர் சீட்டில் தினமும் பட்டாணி உரித்துக்கொண்டு வருகிற, பெட்டிக்கே சித்தி முறையான மராத்திக் காக்குவின் மகளுக்குப் பூனாவில் குழந்தை பிறந்தபோது ஒரு தொப்பி செய்தேன். வட்டத்தைச் சேர்க்கும்போது முதல் வரிசை முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் பாதிவரை பின்னிவிட்டேன். நீங்கள் அதை விரலில் மாட்டிச் சுற்றி, "இது எந்தப் பக்கம் தலைக்கு, எந்தப் பக்கம் வாலுக்கு?" என்று காக்குவிடம் ஹிந்தியில் கேட்டீர்கள். காக்கு பட்டாணியைக் கொட்டிவிட்டுச் சிரித்தார். அந்த முறுக்கலைப் பிரித்துப் போட்டு, சரியான தொப்பி செய்து கொடுத்தேன்.

நான் பேசுகிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். நீங்கள் வண்டி வாசலில் நின்று கடற்கழிமுகத்துக் காற்று வாங்குவதை நிறுத்தியதைப் பார்த்தேன். யாரோ வடாபாவ் பொட்டலத்தைப் பிரித்ததும் துப்பட்டாவால் மூக்கை மூடியதைப் பார்த்தேன். ஒருநாள் காக்கு, உயிரே போனாலும் விட்டுக்கொடுக்காத தன் ஜன்னல் சீட்டை விட்டு எழுந்து, உங்களை அங்கே உட்கார வைத்தார். அப்புறம் சந்தேகமே இல்லை. உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருடம் என்று தெரியும். எனக்கு வந்த சந்தோஷத்தில், எல்லாருக்கும் பின்னிக்கொடுத்தாயே, மேனேஜருக்கு இல்லையா என்று தோன்றிவிட்டது.

வீட்டில் ஏணி வைத்து ஏறுகிற மேல்தட்டில் உட்கார்ந்து பின்னினேன். வெயில் வெளுத்த மாதிரி மஞ்சள். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிற சட்டை. தையலே கிடையாது, பிள்ளைக்கு உறுத்தாது. "யாருக்குட்டி?" என்று அம்மா கேட்டாள். "ரயில்ல வர்ற ஒரு அக்கா பிள்ளைக்கு" என்றேன். பிறந்துவிட்ட பிள்ளை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்று தெரியவும் இல்லை. வீட்டில் நான்தான் கடைக்குட்டி. எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு குழந்தையும் பிறந்ததில்லை.

வாஷி பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது பொட்டலத்தை உங்கள் மடியில் வைத்தேன். பிரித்தீர்கள். சட்டையின் ஒரு கையை விரலால் தூக்கிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் ஒரு நொடி பொங்கியது. அப்புறம் சுட்டுவிட்டதுபோல் பேப்பரை மூடினீர்கள். சான்பாடா போனது, ஜூயிநகர் போனது. நெருலில் "வாரேன்ட்டி" என்று சொல்லாமலே இறங்கிப் போனீர்கள்.

காக்குதான் சொன்னார். "பச்சா ஹோனே ஸே பெஹ்லே நயா குச் நஹீ லாதே. தேரீ மா நே நஹீ பதாயா?" பிள்ளை பிறக்கும் முன்னால் புதுசாக எதுவும் கொண்டுவர மாட்டார்களே, உன் அம்மா சொல்லவில்லையா என்று. இதற்கு முன் உங்களுக்கு இரண்டு தங்காமல் போனதையும் சொன்னார். இரண்டாவதற்குத் தொட்டில்கூட வாங்கி வைத்திருந்தீர்களாம். அதற்குப் பிறகு இந்த முறை ஒரு சேஃப்டி பின்கூட நீங்கள் வாங்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொறந்த பிள்ளைக்கே மொதல்ல பழைய வேட்டியைக் கிழிச்சித்தான் போடுவோம். புதுசுன்னா அது கோடித்துணிட்டி. பொறக்காத பிள்ளைக்கு எவளாவது கோடி எடுப்பாளா? நீ பி.காம் படிச்சி என்னத்துக்கு?"

அடுத்த நாள் செம்பூரில் நீங்கள் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வேறு பெட்டியில் போவதாகக் காக்கு சொன்னார். ஒவ்வொரு நாளும் செம்பூர் பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்தேன். ஊசியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் நீங்களே வந்தீர்கள். என்னை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

"கோவத்துல போனேன்னு நெனச்சியோ?"

தலையாட்டினேன்.

"பயத்துல போனேன்ட்டி. அந்தச் சட்டைய வீட்டுக்குள்ள கொண்டு போவ முடியல. வெளிய எறியவும் கை வரல. ஆபீஸ் டிராயர்ல கெடக்கு. அது கெடக்கேன்னு எனக்கு வேலையும் ஓடல."

"குடுங்க அக்கா, பிரிச்சிருதேன்."

"பிரிக்கப் போறாளாம்!" என்று என் கையில் ஒரு அடி வைத்தீர்கள். "ஒரு பிள்ளைக்குன்னு போட்டதப் பிரிக்கவா? வாயில நல்லதே வராதா ஒனக்கு?"

எதற்கும் சிரிக்கிற உங்கள் கண் அன்று சிரிக்கவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. மஞ்சள் சட்டை உங்கள் ஆபீஸ் டிராயரில் ஒரு பயமாகக் கிடந்தது. அதை அங்கே வைத்தவள் நான். மான்குர்ட் தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன்.

"பழசுன்னா எப்படி அக்கா?"

"எப்படின்னா? ஒரு பிள்ள போட்டிருக்கணும். அழுக்காயிருக்கணும். தொவச்சிருக்கணும். அப்ப அது கோடி இல்ல."

"அப்ப ஒரு பிள்ளைக்குப் போட்டுட்டா?"

என்னை உற்றுப் பார்த்தீர்கள். எனக்கு இன்றும் தெரிகிறது அந்தப் பார்வை. உள்ளே ஏதோ ஒரு பூட்டுத் திறந்து, உடனே மேனேஜர் வெளியே வந்துவிட்டார். "எனக்கு ஒரு பிள்ள பத்தாது" என்றீர்கள். "நல்லாப் பழசாவணும்."

மறுநாள் காலை சட்டை இருந்த கவரை நுனியில் பிடித்து என்னிடம் நீட்டினீர்கள். "நான் கேக்க மாட்டேன். நான் கேட்டா நானே சேத்து வைக்க மாதிரி ஆவும். நீதான் கேக்கணும்." காக்குவைப் பார்த்தேன். அவர் பட்டாணியிலிருந்து நிமிரவில்லை. "மே நஹீ. துனே பனாயா, து பூச்." நீதானே செய்தாய், நீயே கேள் என்றார்.

அடுத்த ஸ்டேஷன் எது என்று கேட்க முடியாத நான், முன்பின் தெரியாதவர்களிடம் குழந்தையைக் கேட்க வேண்டும்.

மான்குர்டில் ஹேர்கிளிப் விற்கிற பெண் ஏறினாள். கிளிப் தட்டு ஒரு கையில். துணித் தொட்டிலாகக் கட்டிய சால்வையில் ஒரு குண்டுக் குழந்தை. எழுந்து போய் முன்னால் நின்றுவிட்டேன். சட்டையை நீட்டினேன். "தீதி... பச்சே கோ... ஏக் பார்..." அக்கா, பிள்ளைக்கு ஒரு தடவை என்பதோடு ஹிந்தி தீர்ந்துவிட்டது.

அவள் சட்டையைத் தடவிப் பார்த்து, "கித்னே கா?" என்று விலை கேட்டாள். விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள்.

"நஹீ நஹீ, பேச்னா நஹீ." விற்க இல்லை என்றேன்.

"ஃப்ரீ?"

"நஹீ... வாபஸ் தேனா."

போட்டுவிட்டுத் திரும்பக் கொடுக்கணுமா என்று அவள் கேட்டதும் பெட்டி வெடித்தது. "இந்த லைன்ல எல்லாத்தையும் வித்துப் பாத்துட்டேன், இப்படி ஒரு வியாபாரத்தப் பாத்ததில்ல" என்று ஹிந்தியில் கையை விரித்தாள். எனக்குக் காது சுட்டது. திரும்பி உங்களைப் பார்த்தேன். இதில் கலந்துகொள்ளக் கூடாதென்று நீங்கள் துப்பட்டாவால் முகத்தை மூடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தீர்கள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பா, வேறா என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. இது இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்கு, அந்த அம்மாவுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை, புதுசைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, உன் பிள்ளை போட்டுக் கழித்தது என்றால் வாங்கிக்கொள்வாள் என்று, என் ஓட்டை ஹிந்தியில் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கிளிப் தட்டை என் கையில் கொடுத்தாள். சால்வையை அவிழ்த்து, பையனின் கைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் விட்டாள். பட்டன் போட்டு, பெட்டிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "லோ, மேரே ராஜா கா உத்ரன்!" என் ராஜா போட்டுக் கழித்தது, எடுத்துக்கோ.

ராஜா பட்டனை வாயில் வைத்துச் சப்பினான். சான்பாடா வருவதற்குள் குடித்த பாலில் பாதியை மஞ்சள் சட்டையின் மேல் கக்கினான். பெட்டி கை தட்டியது. "ஹோ கயா புரானா!" என்று யாரோ கத்தினார்கள். பழசாகிவிட்டது. ஒரு குழந்தை கக்கியதற்கு அத்தனை பெண்கள் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் நான் கேட்க வேண்டியே இருக்கவில்லை. துவைத்துக் கொண்டு போனால் அவர்களே கேட்டார்கள். கோபர்கைரனேயிலிருந்து வருகிற ஒருத்தி தங்கை மகளுக்குப் போட்டு, பருப்புக் கறையோடு கொண்டுவந்தாள். காக்கு தன் பில்டிங்கில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டார். நீங்கள் தினமும் ஜன்னலைப் பார்த்தபடி, "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்பீர்கள். நான் விரித்துக் காட்டுவேன். ஓரக்கண்ணால் சோதிப்பீர்கள். "கறை நல்லாப் பிடிச்சிருக்கு" என்று திருப்தியாகச் சொல்வீர்கள். நூல் உரசி உருண்டை உருண்டையாகத் திரண்டது. நான் பின்னியதிலேயே இவ்வளவு கேவலமாக ஆனதும் இல்லை, இவ்வளவு பெருமையாக நான் பார்த்ததும் இல்லை.

ஒருநாள் காலை நீங்கள் கேள்வி கேட்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து என் பக்கம் நீட்டி, "வையி" என்றீர்கள். டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே வைத்தேன். ஜிப்பை மூடி, பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். காக்கு ஒரு பட்டாணியை உரித்து உங்கள் வாயில் போட்டார். அன்று சாயங்காலம் அது உங்கள் வீட்டுக்குள் போனது.

மழை பிடித்த ஒரு மத்தியானம் ஆபீஸில் எனக்குப் போன் வந்தது. "பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்கோம். மொதல்ல பழைய வேட்டி, அப்புறம் ஒன் சட்டை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டைட்டி. எம்மவ ஒண்ணும் சொல்லல." ஆபீஸ் நடுவில் எழுந்து நின்று எல்லாரிடமும் சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று அவர்களுக்கும் அன்றுதான் தெரியும்.

நீங்கள் போனதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். சர்ச்சில் நம் பெட்டிக்காரிகள் ஒரு பெஞ்ச் முழுக்க உட்கார்ந்திருந்தோம். உங்கள் உறவுக்காரர் ஒருவர் வந்து, நாங்களெல்லாம் எந்த ஆபீஸ் என்று கேட்டார். காக்கு, "ஆபீஸ் நஹீ. ஆட் அட்டாரா" என்று நம் எட்டு பதினெட்டு வண்டியைச் சொன்னார். அவருக்குப் புரியவில்லை. எங்களுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சத்தமாகவே சிரித்திருப்பீர்கள்.

இப்போது அண்ணிக்கு மாதம் நெருங்குகிறது. "பொறக்கட்டும், அப்புறம் பின்னு" என்றாள் அம்மா. பச்சை நிறத்தில் ஒன்று பின்னி முடித்துவிட்டேன் என்று சொன்னதும், திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "செம்பூர்ப் பிள்ளைக்குப் போட்டுக் கொண்டா. தீர்க்காயுசா இருக்கிற பிள்ள" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன். உங்கள் மகளுக்கு மூன்று வயதாகிறது; அந்தச் சட்டை அவளுக்கு முழங்கைவரைகூட ஏறவில்லை. "சின்னதா இருக்கு" என்று என்னை முறைத்தாள்.

"இது ஒனக்கில்ல. ஒரு பாப்பா வரப்போவுது. பாப்பாவுக்குப் புதுசு ஆவாது. நீதான் பழசாக்கிக் குடுக்கணும்."

வேலை புரிந்துவிட்டது. ஒரு கையில் அதை மாட்டிக்கொண்டே தயிர்ச்சோறு தின்றாள். வாயை அதிலேயே துடைத்தாள். தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுந்தாள். உங்கள் வீட்டுக்காரர் தடுக்க வந்தார். "விடுங்கண்ணே, வேலை நடக்குது" என்றேன். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"பழசாயிட்டா சித்தி?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னொரு வாய் சோறு தின்று, இன்னொரு முறை துடைத்து, உங்களைப் போலவே ஓரக்கண்ணால் கறையைச் சோதித்துவிட்டு, "போதும். எடுத்துட்டுப் போ" என்று என் கையில் கொடுத்தாள்.

தயிர் ஈரம் காயாத அந்தச் சட்டையோடு செம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன், அக்கா. வண்டியில் பக்கத்தில் இருந்தவள், என்ன பாட்டு இது, இவ்வளவு சந்தோஷமாக முனகுகிறீர்கள் என்று கேட்டாள். முனகுவது எனக்கே தெரியவில்லை. நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.